எக்காலமும்

வக்கீல் நோட்டீஸில் எழிலரசிக்குப் பிடித்துப்போன வரி ஒன்று இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நோட்டீஸ் வந்த அன்று பயந்தது உண்மை. இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அந்த வரியில் கண் நின்றது. 'மேற்படி ரப்பர் கலவை ஈடு இணையற்றது, எமது கட்சிக்காரருடைய நிறுவனத்தின் உயிர்நாடி.' நோட்டீஸ் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தமிழாக்கி, சமையலறையில் நின்றபடி தனக்கு மட்டும் கேட்கும்படி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அந்தக் கலவையை உண்டாக்கியவள் அவள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கங்காதரனின் கம்பெனியில் பதினெட்டு வருடம் நின்று உழைத்தவள். எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் செய்யும் இடம் அது. இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழலும் மில்லில் ரப்பரைப் போட்டு அரைத்து, கரித்தூளும் எண்ணெயும் மருந்துகளும் கடைசியில் கந்தகமும் சேர்த்து, அந்தக் கலவையை, அவர்கள் பேச்சில் காம்பவுண்டை, எடுத்து அச்சில் வேகவைப்பார்கள். எதை எவ்வளவு, எப்போது சேர்ப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அத்தனை வருடத்தில் கங்காதரன் அவளுக்குக் கொடுத்த பெரிய பாராட்டு "பரவால்ல" என்பது. வேலையை விட்டபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். இப்போது உயிர்நாடி என்கிறார், அதுவும் வக்கீலின் வாயால், பதிவுத் தபாலில்.

மற்ற வரிகள் பிடிக்கும்படி இல்லை. கம்பெனியின் ரகசியத்தை அவள் திருமழிசைக்குக் கொண்டுபோய்த் தஸ்தகீர் என்பவரின் தொழிற்சாலைக்கு விற்றுவிட்டாளாம். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவளாம். அதன்படி ஐந்து வருடத்துக்கு ரப்பர் தொழிலிலேயே கால் வைக்கக் கூடாது. ரகசியத்தை எக்காலமும் வெளியிடக் கூடாது. மறைத்து வைத்திருக்கும் செய்முறையை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் கோர்ட்.

இப்போது அவளுக்கு வேலை கொடுத்திருக்கும் தஸ்தகீருக்கும் ஒரு நகல் போயிருந்தது. அவர் பூந்தமல்லிக்காரர், வியாபாரக் குடும்பம், குரலை உயர்த்தாதவர். "மேடம், கோர்ட்டு வாசப்படி ஏறினா எனக்கு ஆர்டர் நின்னுடும். நீங்க இதை முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் ஆபீஸ்ல உக்காருங்க. மில் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார்.

உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மில் ஓடுவது கேட்கும். ரப்பர் உருளையில் சரியாகச் சுற்றிக்கொள்ளும்போது உள்ளே சிக்கிய காற்று வெடித்துப் படபடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் தளர்ந்தால் அடுத்த பொடியைப் போட வேண்டும். இங்கே இருந்த ஆள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்திப் போட்டான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து விரலை மடக்கி விரித்தாள். இன்னொருத்தி குழந்தையைக் குளிப்பாட்டுவதைச் சன்னல் வழியே பார்ப்பதுபோல் இருந்தது.

வீட்டில் கணவன் செல்வகுமார், "அந்த ஆளுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லித் தொலையேன். ரப்பர்தானே" என்றான். பிறகு ஒப்பந்த நகலை விளக்கடியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது. இருபது ரூபா பத்திரம்" என்று தீர்ப்பும் சொன்னான்.

ரப்பர்தானே. வெள்ளானூர் வீட்டுக்கு மாதத் தவணை கட்டுவதும் மகளைக் கல்லூரியில் சேர்த்ததும் அந்த ரப்பர்தான். அதை அவனிடம் சொல்லிக்காட்ட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

*

வக்கீல் ஸ்வாதியின் அலுவலகம் அம்பத்தூர் ஓ.டி.யில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சின்ன வயசு. நோட்டீஸையும் ஒப்பந்தத்தையும் அவள் படித்து முடிக்கும்வரை எழிலரசி கீழே பஸ்கள் திரும்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் பிசைஞ்சிருக்காங்க" என்றாள் ஸ்வாதி. "அஞ்சு வருஷம் ரப்பர் வேலைக்கே போகக்கூடாதுங்கிறது நிக்காது மேடம். வேலையை விட்டு வந்த ஆளைப் பொழைக்க விடாம கட்டிப்போடற ஒப்பந்தத்தை நம்ம சட்டம் ஏத்துக்கிறதில்ல. அதை மறந்துடுங்க."

"எக்காலமும்னு ஒண்ணு போட்டிருக்கே."

"அது வேற. ரகசியம்னு ஒண்ணு நிஜமாவே இருந்தா, அது ரகசியமா இருக்கிற வரைக்கும் காப்பாத்துன்னு கேக்கலாம். அதுக்கு ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு ஆயுசு கிடையாது. அதனால அந்த வார்த்தையைப் பார்த்துச் சிரிச்சிட முடியாது. ஆனா எது ரகசியம்னு அவங்க காட்டணும். அதைப் பூட்டி வச்சிருந்தோம்னும் காட்டணும். ஊருக்குத் திறந்து காட்டிட்டு ஒருத்தரை மட்டும் வாயை மூடுன்னா கோர்ட் கேக்காது. அப்புறம், உங்க கையில ஏறின தொழில் உங்களுது. அதைக் கழட்டி வச்சிட்டுப் போங்கன்னு யாரும் சொல்ல முடியாது."

"பத்திரம் இருபது ரூபாதான், செல்லாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்."

"எல்லா வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்றாங்க." ஸ்வாதி சிரிக்காமல் சொன்னாள். "முத்திரை குறைஞ்சா அபராதம் கட்டிச் சரி பண்ணிக்குவாங்க. அதுக்காக ஒப்பந்தம் செத்துப்போகாது. மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்ல. சாமி முன்னாடி வாங்கினாங்க."

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டா என்று புரியவில்லை போலிருக்கிறது.

விளையாட்டு இல்லை. பெரிய வண்டிக் கம்பெனி ஒன்று, ஆர்டர் கொடுக்கும் முன் தொழிலாளர்கள் எல்லோரிடமும் ரகசிய ஒப்பந்தம் வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. கங்காதரன் நல்ல நாள் பார்த்தார். ஆயுத பூஜை அன்று வெற்றிலை பாக்குத் தட்டில் ஒப்பந்தங்களை அடுக்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சரஸ்வதி படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். "சாமி முன்னாடி போட்டது. மீறினா கை விளங்காது" என்றார். பாதி சிரிப்பாகத்தான் சொன்னார். அவர் நம்பிய பூட்டு அதுதான். வக்கீல் எழுதியதைவிட அந்தக் குங்குமப் பொட்டை அவர் நம்பினார்.

எழிலரசியும் நம்பினாள். திருமழிசையில் முதல் நாள் மில்லைத் தொட்டபோது வலது கை மணிக்கட்டு லேசாக வலித்ததே, அது ஏன் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

"அன்னிக்கு வேற என்ன நடந்தது?" என்றாள் ஸ்வாதி.

"என்ன நடக்கும், பூஜைதான். மெஷினைக் கழுவினோம். டிரம்மைக் கழுவினோம்..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது.

கங்காதரன் தன் மருந்துகளை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தவர். டிரம் வந்து இறங்கியதும் அதன் பெயர்ச்சீட்டின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி வெறும் எண் போட்டுவிடுவார். மில் ஆட்களுக்கு நாலாம் நம்பர், ஏழாம் நம்பர் என்றுதான் தெரியும். எந்த எண் எத்தனை கிலோ என்பது தராசுக்கு மேல் தொங்கும் சிலேட்டில் இருக்கும். எண் தெரிந்தவனுக்குப் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தவனுக்கு அளவு தெரியாது. வருடம் முழுக்க அப்படி. ஆனால் ஆயுத பூஜைக்கு எல்லாம் குளித்தாக வேண்டும். தண்ணீர் பட்டதும் ஒட்டிய காகிதம் ஊறி விழும். உள்ளே கம்பெனிப் பெயரும் மருந்தின் பெயரும் பளிச்சென்று தெரியும். மறுநாள் குழம்பிவிடக் கூடாது என்று மில் ஆள் வேம்புலி பக்கத்திலேயே சுண்ணாம்பால் எண்ணையும் எழுதிவிடுவான். அப்புறம் டிரம்முக்கெல்லாம் சந்தனம், தராசுக்கு மாலை, சிலேட்டுக்குப் பொட்டு. அத்தனையும் வாசலில் வரிசையாக நிற்கும். எஸ்டேட்டில் பாதி முதலாளிகள் வந்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் இன்னும் வெளியேறவில்லை. அவர்களும் நீக்கவில்லை. மேலே தள்ளித் தள்ளி அந்த வருடத்துப் படத்தைக் கண்டுபிடித்தாள். பட்டுச் சட்டையில் கங்காதரன். அருகில் மருமகன் ஜெகதீஷ். பின்னால் டிரம்கள், ஒவ்வொன்றும் தன் பெயரோடும் எண்ணோடும். மேலே சிலேட். கூட்டத்தின் ஓரத்தில் சுண்டல் தொன்னையுடன் தஸ்தகீர்.

ஸ்வாதி போனை வாங்கிப் படத்தை விரித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல்முறையாகச் சின்னப் பெண்ணின் சந்தோஷம் தெரிந்தது. "ஒரு பக்கம் ரகசியத்தைக் காப்பாத்துன்னு கையெழுத்து வாங்கறாரு. அதே நேரத்துல வாசல்ல ரகசியத்துக்குச் சந்தனம் தடவி வச்சிருக்காரு. இது போதும் மேடம்."

*

பதில் நோட்டீஸின் வரைவு இரண்டு நாளில் வந்தது. எழிலரசி அதை, பதினெட்டு வருடம் கம்பெனிக்குப் போய்வந்த பட்டரவாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் படித்தாள். மேற்படி கலவையில் ரகசியம் ஏதும் இல்லை. இத்தொழிலில் உள்ள எவரும் செய்யக்கூடியது அது. எமது கட்சிக்காரரிடம் தனிப்பட்ட செய்முறை எதுவும் கிடையாது. அவருக்கு இருப்பது இத்தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் சாதாரணத் திறன்.

சாதாரண என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

ஸ்வாதியை அழைத்தாள். "இப்படித்தான் எழுதணுமா? என் கையில ஒண்ணுமே இல்லைன்னு?"

"இருக்குன்னு எழுதினா, அதைத்தானே கேக்கறோம், கொடுன்னுவாங்க."

"அவங்களுக்கே தெரியாத ஒண்ணு இருந்தா?"

"தெரியாத ஒண்ணை ரகசியமா பூட்டி வச்சிருந்தோம்னு அவங்க சொல்ல முடியாது. ஆனா எங்க சம்பளத்துல இருக்கும்போது கண்டுபிடிச்சது, அதனால எங்களுதுன்னுவாங்க. ஜெயிக்கலாம். ஆனா நீளும், வருஷக்கணக்குல நீளும். அது என்னன்னு என்கிட்டயும் சொல்லாதீங்க. நான் கேக்கல."

ரயில் வந்தது. அவள் ஏறவில்லை.

அந்த ஒன்று டிரம்மிலும் இல்லை, சிலேட்டிலும் இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் காய்ச்சல் என்று வெள்ளானூரிலிருந்து போன் வந்தது. மில்லில் ரப்பர் பாதி அரைந்திருந்தது, கந்தகம் மட்டும் பாக்கி. கந்தகம் போட்டுவிட்டால் அப்புறம் நின்று முடிக்க வேண்டும். போடாமல் அப்படியே தட்டில் எடுத்து வைத்துவிட்டு அஞ்சு இருபது ரயிலுக்கு ஓடினாள். மறுநாள் காலையில் கை வைத்தபோது ரப்பர் வேறு மாதிரி இருந்தது. ஒரு ராத்திரி ஆறி, பொடியெல்லாம் உள்ளே ஊறி, நல்ல தூக்கம் தூங்கி எழுந்த உடம்பு போல. கந்தகம் போட்டு வார்த்த கேஸ்கட்டை மடித்தாள். முனை வெடிக்கவில்லை. அடுத்த வாரம் வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்த்தாள். அதற்கு அடுத்த வாரமும். அதன்பின் மாற்றவே இல்லை.

அவள் மறைக்கவில்லை. எல்லோர் கண் முன்னாலும்தான் சாயங்காலம் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். பார்த்தவர்கள் அதற்குத் தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்தார்கள். பொம்பளை, ரயிலுக்கு ஓடுகிறாள். ஜெகதீஷ் டெக்னிகல் ஹெட் என்று வந்து உட்கார்ந்த முதல் வாரத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, "இனிமே ஒரே ஷிஃப்ட்ல முடியணும். ஒருத்தர் ரயிலுக்காகக் காம்பவுண்டு காத்துக்கிட்டிருக்க முடியாது" என்றான். சிலர் சிரித்தார்கள். விளக்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால், அது சோம்பல் இல்லை, வித்தை என்று தானே எடுத்துச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. வண்டிக் கம்பெனி ஆட்கள் வந்த அன்று அவளைக் காபி ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுமாதம் விலகினாள்.

அவர்கள் இப்போது எழுத்தில் கேட்பது, அவர்களே அவள் முன்னால் குப்பையில் வீசியதைத்தான்.

*

வேம்புலி அவளைத் தேடிக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்கே வந்தான். கைவிரல் இடுக்கில் கரி. பதினெட்டு வருடமும் மில்லின் அந்தப் பக்கம் நின்றவன்.

"இன்னாக்கா, நல்லா கீறியா?"

"இருக்கேன். அங்க எப்படி?"

"அத்த ஏன் கேக்கற. கேஸ்கட்டு எல்லாம் அப்பளம் மாரி ஒடைஞ்சிகினு கீது. லோடு லோடா திரும்பி வருது. மாப்ள மூஞ்சியப் பாக்கணுமே, தீஞ்சிபோன காம்பவுண்டு மாரி." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ ஏதோ ஒரு டிரம்ம மறைச்சி எத்துகினு பூட்டன்றாங்கோ. நான் சொன்னேன், அக்கா டிபன் பாக்ஸுதான் எத்துகினு போச்சி, டிரம்மு அதுல அடங்காது நைனான்னு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. நிறைய நாளைக்கப்புறம்.

"ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். திருமழிசைல நீ அரைக்கிற காம்பவுண்டு ஒரு துண்டு எப்டியாவது வாங்கணும்னு மாப்ள ஆள வுட்டுக்கினு கீறான். டெஸ்ட்டுக்கு அனுப்பப் போறானாம். அது பழசு மாரி சூப்பரா வந்துச்சின்னு வை, இந்தா பாரு அவ திருடிகினு போய்ட்டான்னு காட்டிடுவான். பாத்துக்கோக்கா."

அவன் போன பிறகு அவள் தன்னைக் கவனித்தாள். கேஸ்கட் உடைகிறது என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ தித்தித்தது. அந்தத் தித்திப்பு அவளைப் பயமுறுத்தியது. பதினெட்டு வருடம் ஒரு கேஸ்கட் உடைந்தால் சோறு இறங்காதவள் அவள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது போன் அடித்தது. கங்காதரன்.

"எழிலு." அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். "என்னம்மா இதெல்லாம். உன்னை என் பொண்ணு மாதிரிதானே வச்சிருந்தேன்."

பொண்ணுக்குக் கம்பெனி, பொண்ணு மாதிரிக்குக் கடிகாரம் என்று நினைத்தாள். வாயில், "நோட்டீஸ் நீங்கதானே சார் அனுப்பினீங்க" என்றாள்.

"அது மாப்பிள்ளை அவசரப்பட்டுட்டார். நமக்குள்ள எதுக்குக் கோர்ட்டு? என்னத்த மாத்தினே, எதை மறைச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நோட்டீஸை நானே கிழிச்சுப் போடறேன். நீ எங்க வேணா வேலை பாரு."

அவர் குரலில் களைப்பு தெரிந்தது. ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு மில்லைச் சுற்றிச் சுற்றி வருவார் என்று தோன்றியது. எழிலரசிக்கு மனம் இளகியது. கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர். ஒரு வரிதான். ராத்திரி தூங்க விடுங்க சார், காலையில சல்பர் போடுங்க. சொல்லிவிட்டால் நோட்டீஸ் இல்லை, பதில் நோட்டீஸ் இல்லை, சாதாரணம் என்று கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. அவருக்கும் தெரிந்துபோகும், அத்தனை வருடம் அங்கே நின்றது யார் என்று.

"சார், சாயங்காலம் நான் எடுத்து வச்சிட்டுப் போவேனே..."

"சாயங்காலமா?" அவர் குறுக்கிட்டார். "சாயங்காலம் நீ எங்கம்மா இருந்தே? அஞ்சு மணியானா பையைத் தூக்கிடுவே. அரையும் குறையுமா போட்டுட்டு ரயிலுக்கு ஓடினவதானே. அதைக்கூட நான் ஒரு நாள் கேட்டதில்லை. பொம்பளைப் புள்ளை, போகட்டும்னு பொறுத்துக்கிட்டேன். அதையெல்லாம் விடு. விஷயத்துக்கு வா."

ஈரத்துணியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. கீழே தெருவில் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரோ, வா வா வா, நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பொறுத்துக்கிட்டேன். அவர் அதைத் தன் பெருந்தன்மையின் கணக்கில் வைத்திருந்தார். பதினெட்டு வருடமாக அவள் கொடுத்ததை, தான் கொடுத்ததாக.

"என்ன, சொல்லு."

"விஷயம் அவ்வளவுதான் சார்" என்றாள். "அஞ்சு இருபது ரயில்தான்."

"நக்கலா?" அவர் குரல் மாறியது. "சரி. கோர்ட்டுல பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகு யோசித்தாள். நக்கல் இல்லை. முழு உண்மையைச் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டிய காது வேண்டியதைக் கேட்டுக்கொண்டது. மிச்சத் துணிகளை உலர்த்திவிட்டுக் கீழே இறங்கினாள். அன்று சாயங்காலமே ஸ்வாதியிடம் போய்ப் பதில் நோட்டீஸ் நகலில் கையெழுத்துப் போட்டாள். சாதாரண என்று இருந்த இரண்டு இடத்தையும் தாண்டிக் கீழே வந்து, பெயரை முழுதாக எழுதினாள்.

*

பதிலுக்குப் பதில் வரவில்லை. படத்தின் நகல் போனதும் அந்தப் பக்கம் அடங்கிவிட்டது. "விட்டுட்டோம்னு எழுதித் தரமாட்டாங்க" என்றாள் ஸ்வாதி. "ஆனா அந்த போட்டோவை வச்சுக்கிட்டு கேஸ் போட எந்த வக்கீலும் யோசிப்பாங்க. நீங்க வேலையைப் பாருங்க. கொஞ்ச நாளைக்கு நாம எழுதின பதில் மாதிரியே இருங்க, அவ்வளவுதான்."

"அப்படின்னா?"

"ஒண்ணும் விசேஷமில்லாம."

"எத்தனை நாளைக்கு?"

ஸ்வாதி பேனாவை மூடினாள். "அவங்க உங்ககிட்ட எழுதி வாங்கினதுன்னா நான் சொல்லிடுவேன் மேடம். இது நாம எழுதிக் கொடுத்தது. இதுக்குக் காலம் எனக்குத் தெரியல."

தஸ்தகீர் அவளை மில்லுக்கு விட்டார். அதற்கு முன் தன் பங்குக்கு ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார். "ரெண்டே வருஷம்தான் மேடம். எக்காலமும் எல்லாம் நான் கேக்கமாட்டேன். அது அல்லாவுக்குத்தான்."

இந்த முறை அவள் வரி வரியாகப் படித்தாள். எது ரகசியம் என்று தனியாக எழுதியிருந்தது. வேலையை விட்டால் வேறு இடம் போகக் கூடாது என்று எதுவும் இல்லை. ஒழுங்கான ஒப்பந்தம். செல்லக்கூடியது. "ஒரே ஒரு வரி சேர்க்கணும் சார். வரும்போதே எனக்குத் தெரிஞ்சிருந்தது என்னுதுன்னு."

தஸ்தகீர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "வரும்போது ஒண்ணும் தெரியாதுன்னுதானே வக்கீல் வச்சு எழுதிக் கொடுத்திருக்கீங்க. காப்பி என்கிட்டயும் இருக்கே."

அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வது. கையெழுத்துப் போட்டாள். மஞ்சள் இல்லை, கற்பூரம் இல்லை.

முதல் கலவையை அரைத்த அன்று மில் நன்றாகவே பேசியது. படபடவென்று வெடித்து, தளர்ந்து, மறுபடி வெடித்தது. கத்தியால் வெட்டி மடித்து மடித்துப் போட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பொடியும் எண்ணெயும் உள்ளே போய் ரப்பர் கருத்துப் பளபளக்கும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. எடுத்துத் தட்டில் வைக்கக் கை நீண்டது. அந்த இடத்தில் தட்டு இல்லை. மில் ஆள் கந்தக டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "போட்டுடலாமா மேடம்? முடிச்சிட்டே கிளம்பிடலாம்."

இங்கிருந்து ஒரு துண்டு வெளியே போகும் என்று அவளுக்குத் தெரியும். நன்றாக வந்தால் அது சாட்சி. ஆனால் அதற்காக மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டாள். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, கெட்டியாக, கையில் அகப்படாமல். கொடுத்தபோது சோம்பல் என்றார்கள், கொடுக்காதபோது திருட்டு என்றார்கள். இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று உள்ளே எதுவோ வாயை இறுக்கிக்கொண்டது. அதற்குப் பத்திரம் வேண்டியிருக்கவில்லை, கெடு வேண்டியிருக்கவில்லை. அதை எந்தக் கோர்ட்டுக்குப் போய் உடைப்பது?

கந்தகத்தை அள்ளித் தூவினாள். ரப்பர் அதை விழுங்கிக்கொண்டது.

மறுநாள் வார்த்த கேஸ்கட்டைத் தஸ்தகீர் எடுத்து வளைத்தார். இன்னும் வளைத்தார். முனையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விட்டது. பரிசோதனையில் தேறிவிடும். எல்லோரும் செய்கிற கேஸ்கட்.

"இது எப்பவும் வர்றதுதான்" என்றார். ஏமாற்றத்தை மறைக்க முயன்றார். "அந்த டிரம்ல இருந்ததையெல்லாம் நானும் வாங்கிப் போட்டுப் பார்த்தவன்தான் மேடம். வரல. உங்க கையில இருக்குன்னு நெனைச்சேன். அப்போ அவர் மில்லுலதான் ஏதோ இருந்திருக்கு. பழைய மில்லு. அந்தக் காலத்து இரும்பு."

எழிலரசி கேஸ்கட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள். இவ்வளவு வருடத்தில் அவள் கையிலிருந்து இப்படி ஒன்று வெளியே போனதில்லை.

"வருத்தப்படாதீங்க" என்றார் தஸ்தகீர், மனசாரவே. "ஆர்டருக்கு இது போதும். ஒண்ணு சொல்லணும். உங்களைப் பத்தி எஸ்டேட்ல என்னமோ சொன்னாங்க. பாதியில போட்டுட்டு ரயிலுக்கு ஓடிடுவாங்கன்னு. நேத்து பார்த்தேன். கடைசிவரைக்கும் நின்னு முடிச்சிட்டுத்தான் கிளம்பினீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது."

நோட்டீஸின் அந்த வரிக்கு அடுத்து அவளுக்குக் கிடைத்த இரண்டாவது பாராட்டு.

"இங்க ரயில் இல்லையே சார்" என்றாள்.

மில் ஆள் அடுத்த ரப்பரை உருளையில் போட்டான். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.